யு.என். கார்டு பிள்ளைக்குக் காலேஜ் உபகாரச் சம்பளம்: பாஸ்போர்ட் கேட்கிறார்கள், என்ன செய்வது?

கலா_செந்தூல் (ஜூலை 6, இரவு 10.42)

எல்லோருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அகதிப் பிள்ளைகளுக்கான ஒரு கற்றல் மையத்தில் நான்கு வருடமாக சனிக்கிழமைகளில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, வயது 18, வவுனியாப் பக்கத்துக் குடும்பம், இரண்டு வயதில் இங்கே வந்தவள். யு.என். கார்டு (ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். கொடுக்கும் அட்டை) இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. தனியார் காலேஜ் ஒன்றிலிருந்து அக்கவுண்டிங் ஃபவுண்டேஷனுக்கு (டிகிரிக்கு முந்திய படிப்பு) 50 சதவீத உபகாரச் சம்பளம் தருகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. மையமே குதித்தது, அவள் அம்மா கேசரி கிண்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாம் நாள் அதே காலேஜிலிருந்து இன்னொரு மின்னஞ்சல், பாஸ்போர்ட் நகல் அனுப்புங்கள், மாணவர் விசாவுக்கு வேண்டும் என்று. பாஸ்போர்ட் இல்லை என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம்.

இன்னொரு சிக்கல், ஐந்து ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜ் நடத்தும் பள்ளித் தேர்வு) பாடம் வேண்டுமாம். கையில் மூன்றுதான் இருக்கிறது. அக்டோபர்/நவம்பர் தேர்வில் இரண்டு எழுத வேண்டும், அதற்குப் பணம் இன்னும் சேரவில்லை.

இந்த வழியில் யாராவது போயிருக்கிறீர்களா? மீதி 50 சதவீதத்துக்கு எங்கே கேட்கலாம்?

பிறை_முருகேசு (ஜூலை 6, இரவு 11.15)

கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். என் மகள் எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வில் 8ஏ. பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்புக்குப் போட்டோம், இல்லை என்றான். மேல்முறையீடு போட்டோம், அதுவும் இல்லை. 90 சதவீதம் பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடியினர்), மிச்சம் 10-ல் நம் பிள்ளையும் சீனப் பிள்ளையும் முட்டிக்கொள்ள வேண்டும். 2024-ல் 10ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் இடம் என்று பிரதமர் அறிவித்தார், நல்லது, 8ஏ எடுத்தவள் எங்கே போவாள்? படிவம் 6 போனாள், இப்போது பல்கலைக்கழகம், பிடிபிடிஎன் என்ற அரசாங்கப் படிப்புக் கடன், வேலைக்குப் போன பிறகும் பல வருடம் கட்டிக்கொண்டிருப்பாள். இந்த நாட்டுப் பிள்ளைக்குக் கடன், வந்த பிள்ளைக்கு உபகாரச் சம்பளமா? யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

கலா_செந்தூல் (ஜூலை 6, இரவு 11.31)

அண்ணே, உங்கள் மகளுக்கு நடந்தது அநியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த இடத்தை இந்தப் பிள்ளை எடுக்கவில்லையே. அரசாங்கப் பள்ளிக்கே இவளால் போக முடியாது, மெட்ரிக் எங்கே, பிடிபிடிஎன் எங்கே. கடன் கொடுத்தால்கூட வாங்கிக்கொள்வாள் லா, அதைக் கேட்கும் உரிமைதான் இல்லை.

பழைய_ரெஜிஸ்ட்ரி (ஜூலை 7, காலை 7.50)

இரண்டு தனியார் காலேஜ்களில் மாணவர் சேர்க்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் மின்னஞ்சல் யாரோ கெட்ட எண்ணத்தில் அனுப்பியது இல்லை. கணினியில் மாணவரை இரண்டு பெட்டியில் ஒன்றில்தான் போட முடியும், உள்ளூர் அல்லது அனைத்துலகம். மைகார்டு (குடிமக்களின் அடையாள அட்டை) இல்லை என்றால் அனைத்துலகம். அந்தப் பெட்டியில் போட்டதும் மாணவர் பாஸுக்கான (படிக்கத் தங்கும் அனுமதி) வேலை தானாகத் தொடங்கிவிடும். பாஸ் விண்ணப்பம் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ் வழியாகக் குடிநுழைவுத் துறைக்குப் போக வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் இல்லாமல் முதல் பக்கமே திறக்காது. மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாடு. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று ஒரு வகையே கிடையாது. ஆகவே இந்தப் பிள்ளைக்கு மாணவர் பாஸ் என்ற பேச்சே பொருந்தாது. அகதிகளைச் சேர்த்துக்கொள்ளும் காலேஜ்கள் யு.என். கார்டை அடையாளமாக வைத்து, பாஸ் இல்லாமல், தங்கள் நிர்வாக முடிவாகச் சேர்க்கின்றன. அந்த முடிவை எடுப்பவர் கவுண்டரில் இருக்கும் பிள்ளை இல்லை. மார்க்கெட்டிங் ஆளும் இல்லை, அவர்தான் உங்களுக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பியிருப்பார். நேராக ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். இதற்கு முன் யு.என். கார்டில் மாணவரைச் சேர்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது. இல்லை என்றால், முதல் பிள்ளையாக இவளை வைத்துப் பரிசோதிக்க விடாதீர்கள், இரண்டாம் செமஸ்டரில் புது மேலாளர் வந்து கோப்பைப் பார்த்துவிட்டு வெளியே அனுப்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த 50 சதவீதம். எதில் 50? அனைத்துலகக் கட்டணத்திலா, உள்ளூர்க் கட்டணத்திலா? பல இடங்களில் அனைத்துலகக் கட்டணத்தில் பாதியைக் கழித்தால் உள்ளூர்ப் பிள்ளை கட்டும் தொகைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். தள்ளுபடிக்கு உபகாரச் சம்பளம் என்று பெயர் வைத்திருப்பார்கள். படிப்புக் கட்டணம் மட்டுமா, பதிவு, ஆய்வகம், தேர்வு, நூலகம், பட்டமளிப்பு இதெல்லாம் தனியா என்றும் கேளுங்கள். சராசரிப் புள்ளி எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள், ஒரு பாடம் தோற்றுத் திரும்ப எழுதினால் யார் கட்டுவது, ஃபவுண்டேஷன் முடிந்து டிகிரிக்குப் போகும்போது சலுகை கூடவே வருமா, எல்லாம் எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல் வேலைக்கு ஆகாது.

மாமாக்கடை_தத்துவம் (ஜூலை 7, காலை 8.20)

"தள்ளுபடிக்கு உபகாரச் சம்பளம் என்று பெயர்". ஹரி ராயா பெருநாள் சேல் ஞாபகம் வருகிறது.

கார்டுக்காரன் (ஜூலை 7, மதியம் 1.05)

அக்கா, நானும் கார்டுதான், அம்பாங்கில் இருக்கிறேன், வயது 24. தனியார் காலேஜில் ஐடி டிப்ளோமா முடித்தேன், அதுவும் உபகாரச் சம்பளத்தில்தான். அந்தக் காலேஜுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்குவேன். ஆனால் உபகாரச் சம்பளம் கிடைத்த அன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்தேனே, அந்த நினைப்பைத்தான் உங்கள் பிள்ளைக்கு முதலில் கழற்ற வேண்டும்.

கட்டணம் நூற்றுக்கு நூறு அவர்கள் கொடுத்தார்கள். பஸ்ஸும் எல்ஆர்டி ரயிலும் நான் கட்டினேன். லேப்டாப் அப்பா கடன் வாங்கினார். படிக்கும் நேரத்தில் கடை வேலைக்குப் போக முடியாததால் வீட்டுக்கு வரும் பணம் நின்றது, அதை எந்த விண்ணப்பப் படிவத்திலும் எழுத இடம் இல்லை. எங்களுக்கு வேலை செய்ய அனுமதியே இல்லை என்பதால் அது கணக்கில் வராத பணம். மோட்டார் லைசென்ஸ் எடுக்க வழியில்லை. இரவு வகுப்பு முடிந்து போலீஸ் ரோட் பிளாக் வந்தால் கார்டையும் காலேஜ் அட்டையையும் சேர்த்துக் காட்டுவேன், காலேஜ் அட்டையைப் பார்த்ததும் சில பேரின் குரல் மாறும்.

பெரிய அடி இன்டர்ன்ஷிப்பில் விழுந்தது. டிப்ளோமா முடிக்க அது கட்டாயம். முப்பது கம்பெனிக்கு மேல் எழுதினேன். நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், கார்டு என்றதும் எச்ஆரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள், அதோடு முடிந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அனுமதி இல்லாத ஆளை வைத்தால் அபராதம் என்று பயம். கடைசியில் விரிவுரையாளர் ஒருவர் காலேஜின் கணினிப் பிரிவிலேயே என்னைப் போட்டு மூன்று மாதம் கேபிள் மாற்ற வைத்து ஒப்பேற்றினார். இல்லை என்றால் இரண்டரை வருடப் படிப்பு அங்கேயே நின்றிருக்கும். அதனால் ரெஜிஸ்ட்ரி ஐயா சொன்ன பட்டியலில் இதையும் சேருங்கள், இன்டர்ன்ஷிப்புக்கு இடம் யார் பொறுப்பு என்று.

சித்ரா_டீச்சர்_பினாங்கு (ஜூலை 7, மாலை 4.30)

கலா, எந்த இரண்டு பாடம் எழுதப் போகிறாள்?

கலா_செந்தூல் (ஜூலை 7, மாலை 5.02)

பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. கையில் இருப்பது இங்கிலீஷ், கணக்கு, பயாலஜி.

சித்ரா_டீச்சர்_பினாங்கு (ஜூலை 7, மாலை 5.20)

அக்கவுண்டிங் படிக்கப் போகிற பிள்ளைக்கு எதற்கம்மா கெமிஸ்ட்ரி?

கலா_செந்தூல் (ஜூலை 7, மாலை 5.26)

உண்மையைச் சொன்னால், மையத்தில் அதற்குத்தான் ஆள் இருக்கிறது. ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் வருகிறார்.

சித்ரா_டீச்சர்_பினாங்கு (ஜூலை 7, மாலை 6.10)

அதுதான் நினைத்தேன். பட்டர்வொர்த்தில் நான் உதவிய மையத்திலும் இதே கதை, வாத்தியார் எதைப் படித்தாரோ அதைப் பிள்ளை எழுதும். பிசினஸ் ஸ்டடீஸ் எழுதச் சொல்லுங்கள், ஆய்வகம் வேண்டாம், வாசித்து எழுதக்கூடிய பிள்ளைக்கு மூன்று மாதம் போதும். இன்னொன்று, யாருக்கும் தோன்றாதது: கேம்பிரிட்ஜில் மலாய் ஒரு அந்நிய மொழிப் பாடமாக இருக்கிறது. இரண்டு வயதிலிருந்து கோலாலம்பூரில் வளர்ந்தவள், பசாரில் பேரம் பேசுகிறவள், அவளுக்கு அது வெல்லம். ஆனால் எல்லாப் பாடமும் இரண்டு பருவத்திலும் வராது, பேச்சுத் தேர்வும் உண்டு, தேர்வு மையம் தனியார் மாணவருக்கு அதை நடத்துமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்தாது என்றால் அக்கவுண்டிங்கையே எழுதட்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உபகாரச் சம்பளம் கொடுக்கிற எல்லோரும் காலேஜ் வாசலில் நிற்கிறார்கள். பிள்ளைகள் விழுவது அதற்கு முந்திய படியில். ஒரு பாடத்துக்குப் பல நூறு வெள்ளி (ரிங்கிட்) தேர்வுக் கட்டணம், ஐந்து பாடம் என்றால் சில ஆயிரம். உணவகத்தில் பாத்திரம் கழுவும் அப்பன் எங்கே போவான்? என் மையத்தில் ஒரு வருடம் ஆறு பேர் தயாராக இருந்தார்கள், பணம் இரண்டு பேருக்குத்தான். சீட்டுக் குலுக்கவில்லை, நாங்களே தேர்ந்தெடுத்தோம், அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்த இரவு நான் தூங்கவில்லை. மற்ற நான்கு பேரில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மூன்று பையன்கள் வேலைக்குப் போனார்கள். அடுத்த வருடம் பணம் வந்தது, அவர்கள் வரவில்லை.

பிறை_முருகேசு (ஜூலை 7, இரவு 9.40)

படித்தேன் எல்லாவற்றையும். பணம் வேறு பையிலிருந்து வருகிறது என்பது புரிகிறது. காலியாக இருக்கும் நாற்காலியைக் காலேஜ் கொடுக்கிறது, நன்கொடை வெளிநாட்டிலிருந்து வருகிறது, சரி. ஆனால் டீச்சர் சொல்லும் தேர்வுக் கட்டணத்துக்குக் கோயில் மண்டபத்தில் உண்டியல் வைத்தால் அது என் பைதானே? அதே மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் நிதி திரட்டினோம், ஆயிரம் வெள்ளி சேர்ப்பதற்குள் நாக்குத் தள்ளியது. அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

சித்ரா_டீச்சர்_பினாங்கு (ஜூலை 7, இரவு 10.05)

இருக்கிறது முருகேசு. நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ராம்நாட்டு_மாப்பிள்ளை (ஜூலை 8, காலை 10.15)

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறேன், மனைவி ஊர் இராமநாதபுரம். இலங்கை அகதிகளின் மண்டபம் முகாம் அங்கிருந்து பக்கம் என்பதால் இதைக் கொஞ்சம் தெரியும். அங்கே நிலைமை வேறு. இந்தியாவும் 1951 ஒப்பந்தத்தில் இல்லை, ஆனால் முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், பிளஸ் டூ எழுதுகிறார்கள், கலைக் கல்லூரிக்கும் எஞ்சினியரிங்குக்கும் போகிறார்கள். 1984-ல் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் ஆரம்பித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடக்கத்திலிருந்தே படிப்பைத்தான் பிடித்துக்கொண்டது. 2021-ல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது கல்லூரி உதவித்தொகையையும் கூட்டினார்கள், எஞ்சினியரிங்கில் நல்ல மதிப்பெண் எடுக்கும் 50 பேருக்குப் படிப்பு, விடுதி இரண்டும் இலவசம் என்றார்கள். அதே சமயம்தான் அகதிகள் முகாம் என்ற பெயரையே மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள்.

ஆனால் அங்கே வேறு மாதிரி முட்டுகிறது. எஞ்சினியரிங் முடித்த பையன் பெயின்ட் அடிக்கப் போகிறான். குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, தனியார் கம்பெனியும் தயங்குகிறது. அண்ணன் கதையைப் பார்த்துவிட்டு எனக்கு எதற்குப் படிப்பு என்று கேட்கும் தம்பிகளை நானே பார்த்திருக்கிறேன்.

மாமாக்கடை_தத்துவம் (ஜூலை 8, காலை 10.40)

அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்? நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

கார்டுக்காரன் (ஜூலை 8, மதியம் 2.25)

என் அம்மாவும் இதைத்தான் கேட்டார், கோபத்தில்.

எங்கள் வீட்டுக்கு அமெரிக்கக் குடியேற்ற அழைப்பு வந்திருந்தது, நேர்முகம் முடிந்து, மருத்துவச் சோதனை பாக்கி. 2025 ஜனவரியில் டிரம்ப் வந்த அன்றே அகதிகள் சேர்க்கையை நிறுத்தினார், எங்கள் கோப்பும் நின்றது. அகதி மாணவர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே ஸ்பான்சர் செய்யும் வெல்கம் கோர் ஆன் கேம்பஸ் திட்டம் 2023-ல்தான் தொடங்கியது, அதற்கும் விண்ணப்பிக்க வைத்திருந்தேன், அதுவும் போனது. அந்த மாதம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்தது, அது படிப்புதான். இப்போது யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள் என்ற ஆன்லைன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் டிகிரி போகிறது. 2009-ல் தொடங்கியது, படிப்புக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு, அதற்கு உபகாரச் சம்பளம் தனியாகக் கேட்கலாம், அகதிகளுக்கென்றும் இருக்கிறது. பாஸ்போர்ட் கேட்கவில்லை, இன்டர்ன்ஷிப் இல்லை, ரோட் பிளாக் இல்லை. ஆனால் வாரா வாரம் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும், ஒரு வாரம் விட்டால் பிடிப்பது கடினம், என்னோடு சேர்ந்த இருவர் விட்டுவிட்டார்கள்.

எதற்கு என்று கேட்டீர்கள். நாளைக்கு எந்த நாடு கூப்பிட்டாலும் பாத்திரம் கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதற்காக. கூப்பிடவில்லை என்றால்? அம்பாங்கில் எங்கள் மையத்தில் இப்போது கணினி வகுப்பு நான்தான் எடுக்கிறேன்.

பழைய_ரெஜிஸ்ட்ரி (ஜூலை 8, மாலை 6.45)

தம்பி சொன்ன குடியேற்ற விஷயத்தில் ஒன்று. படிப்பு நடுவில் அழைப்பு வந்து போகிறவர்கள் பாடத்திட்ட விவரத்தையும் மதிப்பெண் பட்டியலையும் முத்திரையோடு வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே போய்ப் படித்த பாடத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும்போது பாடத்தின் பெயர் மட்டும் போதாது, ஒவ்வொரு வாரமும் என்ன படித்தாய் என்று கேட்பார்கள். விமானம் ஏறிய பிறகு இங்கிருந்து வாங்குவது பெரும்பாடு.

கலா கேட்ட மீதி 50-க்கு: ஜெர்மன் அரசு பணம் தரும் தாஃபி உபகாரச் சம்பளம் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள், 1992-லிருந்து நடக்கிறது, தஞ்சம் புகுந்த நாட்டிலேயே முதல் டிகிரி படிக்க. ஆனால் அது குறிப்பிட்ட நாடுகளில்தான் திறந்திருக்கும், யு.என்.எச்.சி.ஆர். தளத்தில் நாட்டுப் பட்டியல் இருக்கிறது, அதைப் பார்த்த பிறகு நேரம் செலவழியுங்கள். அலோர் ஸ்டாரில் அல்புகாரி அனைத்துலகப் பல்கலைக்கழகம் வசதியில்லாத பிள்ளைகளுக்காகவே நடப்பது, வெளிநாட்டுப் பிள்ளைகளும் உண்டு, அங்கேயும் எழுதிக் கேளுங்கள். கனடாவில் டபிள்யூ.யு.எஸ்.சி. என்ற அமைப்பு 1978-லிருந்து அகதி மாணவர்களை நிரந்தரவாசியாகவே எடுத்துப் படிக்க வைக்கிறது, அங்குள்ள மாணவர்கள் தங்கள் கட்டணத்தோடு ஆளுக்குச் சில டாலர் சேர்த்துக் கட்டும் பணம்தான் அதன் முதுகெலும்பு. முருகேசு சாருக்கு அது பிடிக்கும், யார் பையிலிருந்து வருகிறது என்பது ரசீதிலேயே தெரியும். ஆனால் எடுப்பது சில நாடுகளிலிருந்து மட்டும்.

இடையில் யாராவது வாட்ஸாப்பில் வந்து 300 வெள்ளி கொடுங்கள், யு.என். மூலம் உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். யு.என்.எச்.சி.ஆர். எந்தச் சேவைக்கும் காசு வாங்குவதில்லை.

நெறியாளர் (ஜூலை 8, இரவு 8.00)

பிள்ளையின் பெயர், படம், மைய முகவரி, வங்கிக் கணக்கு எதையும் இங்கே போட வேண்டாம். உதவ விரும்புகிறவர்கள் தனிச் செய்தியில் பேசிக்கொள்ளுங்கள்.

ராம்நாட்டு_மாப்பிள்ளை (ஜூலை 9, காலை 9.10)

ஒரு கணக்கு: யு.என்.எச்.சி.ஆர். 2030-க்குள் அகதி இளைஞர்களில் 15 சதவீதம் பேர் உயர்கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2019-ல் 3 சதவீதம் இருந்தது, 2023-ல் 7 ஆனது. உலகத்தில் மற்ற பிள்ளைகளுக்கு இது 40-ஐத் தாண்டுகிறது. இங்கே பதிவு செய்த அகதிகள் கிட்டத்தட்ட 2 லட்சம், பத்தில் ஒன்பது பேர் மியன்மார்க்காரர்கள், பெரும்பாலும் ரோஹிங்யா. நம் தமிழ்ப் பிள்ளைகள் அதில் ஒரு கைப்பிடி. ரோஹிங்யாப் பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம், மையமே இல்லாத இடங்கள் உண்டு. நம் மொழி பேசுகிறாள் என்பதால் நமக்கு இவள் கண்ணில் பட்டாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கலா_செந்தூல் (ஜூலை 23, இரவு 9.55)

தகவல் சொல்ல வந்தேன். ரெஜிஸ்ட்ராருக்கு எழுதினோம், பத்து நாள் பதில் இல்லை, நேரில் போய் உட்கார்ந்தோம். முன்பு இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார்களாம், யு.என். கார்டு போதும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். 50 சதவீதம் அனைத்துலகக் கட்டணத்தில்தான், ரெஜிஸ்ட்ரி ஐயா சொன்னது சொன்னபடியே. உள்ளூர்க் கட்டணத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம், குழுவில் வைக்கிறார்களாம். இன்டர்ன்ஷிப்புக்கு எங்களால் உறுதி தர முடியாது என்று சொல்லிவிட்டார், அதையும் எழுத்தில்.

மலாய் பேச்சுத் தேர்வைத் தனியாருக்கு நடத்தமாட்டோம் என்று தேர்வு மையம் சொல்லிவிட்டது. பிசினஸ் ஸ்டடீஸும் அக்கவுண்டிங்கும் போடுகிறாள். கட்டணத்தில் பாதி இந்த இழையில் இருக்கும் மூன்று பேர் கொடுத்தது, மீதிக்கு அவள் அம்மா தீபாவளி ரவிக்கை ஆர்டருக்கு முன்பணம் வாங்கிவிட்டார்.

பதிவு செய்யப் போகும்போது ஒரு குழப்பம். கார்டில் அப்பா பெயர் முன்னால், அவள் பெயர் பின்னால். பழைய மூன்று சான்றிதழில் அவள் பெயர் முன்னால். எதைப் போடுவது?

கார்டுக்காரன் (ஜூலை 23, இரவு 10.10)

கார்டில் இருக்கிறபடியே, ஒரு எழுத்து மாறாமல். தேர்வு அறையில் அதைத்தான் பார்ப்பார்கள். பழைய மூன்றுக்கும் பெயர் திருத்தத்துக்குத் தேர்வு மையத்திலேயே இப்போதே கேளுங்கள், பிறகு இரண்டு பெயரில் ஐந்து பாடம் என்று காலேஜ் நிற்கும். கார்டு எப்போது காலாவதி?

கலா_செந்தூல் (ஜூலை 23, இரவு 10.14)

ஐயோ. நவம்பர் 2.

கார்டுக்காரன் (ஜூலை 23, இரவு 10.15)

தேர்வு நவம்பர் நடுவரை ஓடும். நாளைக்கே புதுப்பிக்க எழுதிப் போடுங்கள் அக்கா, நேர்முக நாள் கிடைக்கவே காலம் ஆகும்.

பிறை_முருகேசு (ஜூலை 24, காலை 6.30)

என் மகளின் படிவம் 6 அக்கவுண்டிங் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, மலாய் மொழியில்தான். உண்டியல் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். பெட்டியை பஸ்ஸில் போட்டால் புடு ராயாவில் யாராவது எடுத்துக்கொள்வீர்களா?

கலா_செந்தூல் (ஜூலை 24, காலை 6.52)

அண்ணே, இப்போது பஸ் எல்லாம் டிபிஎஸ் நிலையம் வரைதான். நான் அங்கே வந்து எடுத்துக்கொள்கிறேன், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று வகுப்பு.